வாங்கிக் குடிக்காத தண்ணீர்: இரக்கம் காட்டும்போது கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டப்படுவது ஒரு சொம்புத் தண்ணீர்; அதைக் குடித்த பிறகுதான் வந்த காரியத்தையே பேசுவார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் அருந்ததியர் குடியிருப்புக்குப் போர்வையும் கேக்கும் எடுத்துச் செல்லும் சபையார், அங்கே அந்தச் சொம்பு நீட்டப்படும்போது, "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தோம்" என்று நாசூக்காக நகர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த இந்த மண்ணில் அந்த மறுப்புக்கு என்ன பொருள் என்பது சொம்பை நீட்டியவருக்குத் தெரியும். யோவான் 4ஆம் அதிகாரத்தில், சீகார் ஊர்க் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணுக்கு எதையும் கொடுப்பதற்கு முன்பு அவளிடம் தண்ணீர் கேட்கிறார். மொள்ளுவதற்கு அவரிடம் பாத்திரமில்லை, ஆகவே யூதர் சமாரியரோடு புழங்காத அந்தக் காலத்தில் அவளுடைய பாத்திரத்தில்தான் அவர் குடித்தாக வேண்டும். கொடுக்கப் போன இடத்தில் வாங்க மறுப்பதே நம் தவறுகளில் பெரியது என்பது என் எண்ணம்.

அடுத்தது, விசாரிக்காமல் தீர்மானிப்பது. பர்திமேயுவுக்குப் பார்வையில்லை என்பது கண்கூடாகத் தெரிந்தும், அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருப்போரிடம் நாமோ தமிழ்க் கைப்பிரதியை நீட்டுகிறோம். அவர்களுள் முண்டா, ஒராவோன் பழங்குடியினர் சிலர் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள் என்பதைக் கேட்டறிவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நோயை விளக்கிச் சொல்ல இந்தி தெரிந்த ஒருவர் உடன் வந்தால் போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும். சபைக்குள்ளேயே புழங்கும் "வடக்கன்" என்ற சொல்லை விடுவது இதற்கெல்லாம் முந்தியது.

ஆராதனைக்கு வரும் தலித் ஒருவர் சான்றிதழில் இந்து என்றே வைத்திருப்பதை இரட்டை வேஷம் என்று ஏளனம் செய்வோரும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். மகளின் கல்லூரி இடம் அந்தத் தாளில் நிற்கும்போது, அப்படியோர் இழப்பைச் சந்திக்காதவர்கள் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

போர்வை வாங்குபவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தர்மம் செய்யும்போது வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்னும் மத்தேயு 6:3 எல்லாருக்கும் மனப்பாடம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் கேளுங்கள்.