ஏற்காட்டில் குடியேறுவோர் அன்றாடத்தை மலைக்கேற்ப மாற்றிக்கொள்வது எப்படி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இந்தக் குறைந்த தூரமே புதிதாகக் குடியேறுவோரை ஏமாற்றிவிடுகிறது. சேலம் நகரத்தின் ஐந்து ரோட்டிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நடத்திய வாழ்க்கையை அப்படியே மேலே கொண்டுபோய் நடத்திவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள், சில மாதங்களுக்குள் எரிச்சலடைந்து கீழே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்த பிறகு, நாளின் போக்கை முடிவு செய்வது கடிகாரம் மட்டுமன்று. மழை, மூடுபனி, பேருந்து, காப்பி அறுவடை ஆகியவையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ஆகவே மெதுவாக வாழப் பழகுவது என்பது எந்த வேலையை எந்த நாளில் வைப்பது என்று புதிதாகக் கற்றுக்கொள்வதுதான்.

முதலில், கீழே இறங்கிச் செய்யவேண்டிய வேலைகளையும் மேலேயே முடியக்கூடிய வேலைகளையும் ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதத் தொடங்குங்கள். சிறப்பு மருத்துவர், வண்டி உதிரிப்பாகம், கல்யாண ஜவுளி போன்றவை முதல் பக்கத்துக்கு உரியவை. அந்தப் பட்டியலில் நாலைந்து வேலைகள் சேரும்வரை இறங்காமல் இருப்பதே முதல் பயிற்சி. ஒரு குக்கர் வாஷருக்காக மலை இறங்கி ஏறினால் அரை நாள் போய்விடும். போன களைப்பில் மீதி அரை நாளும் வீணாகும். இறங்குவதானால் விடிந்ததும் புறப்பட்டு, இருட்டுவதற்குள் மேலே வந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களின் சனி, ஞாயிறுகளில், குறிப்பாகக் கோடைவிழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும் நாட்களில், பாதை வண்டிகளால் நிரம்பிவிடும். அப்போது போக்குவரத்தை ஒருவழியாக மாற்றிக் குப்பனூர் வழியே திருப்பிவிடுவதும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அந்த நாட்களில் வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிது.

மழைக்காலத்துக்கான ஏற்பாட்டைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிவதும் மரம் விழுவதும் புதிதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், அன்றாட மாத்திரைகள், கூடுதலாக ஒரு கேஸ் சிலிண்டர், சார்ஜ் ஏற்றிய டார்ச் ஆகியவை வீட்டில் இருக்கட்டும். ஈரத்தோடு வாழவும் கற்றுக்கொள்ள வேண்டும். கார்த்திகை மாதத்தில் தடித்த துணி காய இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம். தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். உப்பு ஜாடிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டியை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அடுப்புக்கு அருகில் வையுங்கள். துணியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துவைத்து, வெயில் தலைகாட்டும் நேரத்தில் மற்ற வேலையை விட்டுவிட்டு உலர்த்துங்கள். இப்படி வெயிலுக்காக வேலையை மாற்றிவைக்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே மற்றவை எளிதாகிவிடும்.

வேலைக்கு ஆள் கிடைப்பதைப் பற்றித்தான் அதிக மனக்கசப்பு எழுகிறது. குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால், "இன்னைக்கு ஆகாதுங்க சார், மழை விடட்டும், நாளைக்கோ மறுநாளோ வந்து பாத்துத் தர்றேன்" என்று பதில் வரும். அதைப் பொறுப்பின்மை என்று எடுத்துக்கொள்வது தவறு. நவம்பர், டிசம்பரில் தொடங்கும் காப்பி அறுவடை சில மாதங்கள் நீடிக்கும்; எஸ்டேட்டுகளும் மலைக் கிராமங்களும் அந்தக் காலம் முழுவதும் ஓயாமல் உழைக்கின்றன. செடியிலிருந்து பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும்; வைத்திருந்தால் புளித்துத் தரம் கெட்டுவிடும். அப்படி ஓர் அவசரத்தில் இருக்கிறவர் நம் வீட்டுக் குழாய்க்காக வரமுடியாது. எனவே தச்சு வேலை, ஓடு மாற்றுதல், வண்ணம் பூசுதல் எல்லாவற்றையும் மார்ச்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும் நாட்களையும் கணக்கில் கொள்ளுங்கள். சுற்றுக் கிராமங்களில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கு அது ஆண்டின் பெரிய நாள். கடையில் பொருள் கேட்பதற்கு முன் "நல்லா இருக்கீங்களாண்ணா" என்று கேட்டு, பதிலை நின்று கேளுங்கள். பாதை திறந்திருக்கிறதா, யார் வீட்டில் மிளகு இருக்கிறது, காட்டெருமை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்ற செய்திகளெல்லாம் அந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான் கிடைக்கின்றன.

காட்டெருமை என்றதும் சொல்லிவிட வேண்டும்: மாலை நடையை இருட்டுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் ஓரப் பாதைகளில் அவை நின்றால் படம் எடுக்கவோ விரட்டவோ முயலாமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பொழுதை எப்படி நிரப்புவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பரிந்துரைதான் உண்டு: வீட்டைச் சுற்றி இடமிருந்தால் பத்துக் காப்பிச் செடி வையுங்கள், சில்வர் ஓக் மரமிருந்தால் அதில் மிளகுக் கொடியை ஏற்றுங்கள். கோடையில் முதல் நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாட்களில் செடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போன்ற மணத்துடன் சில நாட்கள் மட்டும் நிற்கும். அந்தப் பூ பழமாகிச் சிவக்க எட்டு ஒன்பது மாதமாகும். வீட்டுத் தேவைக்குப் பல்ப்பர் வேண்டாம். பழத்தை முழுதாகவே களத்திலோ மொட்டைமாடியிலோ பரப்பி, பகலில் அடிக்கடி கிளறிவிட்டு, பொழுது சாய்ந்ததும் குவித்துப் பனி படாமல் மூடி வைத்தால், வெயிலைப் பொறுத்து இரண்டு வாரத்தில் காயும். ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் தேவை. அவசரப்பட்டு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். மலையின் வேகம் கைக்குப் பிடிபடுவதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

ஆனால் உடல்நலத்தில் மட்டும் இந்த நிதானத்துக்கு இடமே கிடையாது. நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, பாம்புக்கடி எதுவானாலும் "காலையில் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். உயர் சிகிச்சைக்குச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும், இரவில் மூடுபனி இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும் என்பதால், அறிகுறி தெரிந்தவுடன் கிளம்புவதே பாதுகாப்பு. நிறைமாதக் கர்ப்பிணிகள் கடைசிச் சில வாரங்களைச் சேலத்து உறவினர் வீட்டில் கழிப்பது நல்லது. இதய நோயுள்ள முதியவர்கள் மலையில் குடியேறும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்கள் இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பும் நல்ல இன்வெர்ட்டரும் இல்லாமல் மழைக்காலத்தை எதிர்கொள்ளக் கூடாது.

கடைசியாக வீட்டு விஷயம். மலையில் நிலம் பார்க்கும் ஆசை முதல் கோடையிலேயே வந்துவிடும். அப்போது எல்லாமே அழகாகத் தெரியும். சேலத்து வீட்டை விற்றுவிடாமல் வாடகைக்கு விட்டு, மேலேயும் ஒரு வாடகை வீட்டிலேயே இருந்து பாருங்கள். ஒரு முழு மழைக்காலமும் கூட்டம் நெரியும் ஒரு மே மாதமும் வீட்டார் எல்லோரும் சேர்ந்து கடந்த பிறகு விற்பதையும் வாங்குவதையும் பேசலாம்.