சாயக்கழிவுநீரை ஒளிவினையூக்கியும் ஓசோனும் கொண்டு சுத்திகரிக்கும் ஆய்வகச் செய்முறை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரில், துணியில் ஏறாமல் தங்கிய சாயத்துடன் உப்பும் சோடா சாம்பலும் கலந்திருக்கும். இந்நீரில் ஓசோனைச் செலுத்தினால் சில நிமிடங்களிலேயே நிறம் வெளுக்கத் தொடங்கும். ஆனால் நிறம் போவதும் நீர் தூய்மையாவதும் வேறு வேறு. சாய மூலக்கூறுக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்ததும் நிறம் மறைகிறது. ஆக்சாலிக் அமிலம் போன்ற சிறு கரிமச் சேர்மங்களோ ஓசோனுடன் மிக மெதுவாகவே வினைபுரிவதால் நீரிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றைச் சிதைக்கவே ஒளி பட்டதும் வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கி தேவைப்படுகிறது. இங்கே அது டைட்டானியம் டை ஆக்சைடு தூள்.

டைட்டானியம் டை ஆக்சைடின் மீது 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி விழும்போது எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளையும் பிரிகின்றன. அவை மீண்டும் சேர்ந்துவிட்டால் பயனில்லை. ஓசோன் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜனைவிட எளிதாகப் பற்றிக்கொண்டு, இறுதியில், அந்தச் சிறு கரிமச் சேர்மங்களையும் சிதைக்கவல்ல ஹைட்ராக்சில் உறுப்பாக (radical) மாறுகிறது. இரண்டையும் இணைப்பதன் முழுப்பயனும் இதில்தான் இருக்கிறது.

முதலில் மாதிரி நீரைத் தயார் செய்யுங்கள். பருத்திச் சாயமேற்றலில் பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தை லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் கரைக்கலாம். உண்மையான கழிவுநீரை எடுத்தால், அதிலுள்ள கார்பனேட் ஹைட்ராக்சில் உறுப்புகளை வீணாக விழுங்கிவிடும் என்பதால், அமிலம் சேர்த்து பி.எச். அளவை 4-க்குக் குறைத்து, காற்றைச் செலுத்தி கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற வேண்டும். அமில நிலையில் வினையூக்கியின் பரப்பு நேர்மின்னேற்றம் பெற்று எதிர்மின் சாயத்தை ஈர்க்கும் என்பது கூடுதல் நன்மை. குளோரைடும் வினையைத் தடுக்கும். அதை இவ்வழியில் நீக்க முடியாது.

போரோசிலிகேட் கண்ணாடிக் கலனில் லிட்டருக்கு 0.5 கிராம் வினையூக்கியைச் சேர்த்து, ஒளியின்றி 30 நிமிடம் கலக்குங்கள். பரப்பில் ஒட்டிய சாயத்தைச் சிதைந்த சாயமாகக் கணக்கிடாமலிருக்க இது அவசியம். தூளை அளவுக்கு மீறிச் சேர்த்தால் அதுவே ஒளியை மறைக்கும். பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கை ஏற்றி, ஓசோனைச் செலுத்துங்கள். குழாய்கள் டெஃப்லானாலானவையாக இருக்கட்டும். இயற்கை ரப்பரில் ஓசோன் பட்டால் விரைவில் விரிசல் விழும். வெளியேறும் வாயுவை 2 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் வழியே அனுப்பி, வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கி அறைக்குள்ளேயே (fume hood) வேலை செய்யுங்கள். பணியிடக் காற்றில் ஓசோன் 0.1 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. வாசனை தெரிந்தாலே கசிவைத் தேடுங்கள்.

குறித்த இடைவெளிகளில் எடுக்கும் மாதிரிகளில் நைட்ரஜனைச் செலுத்தி எஞ்சிய ஓசோனை அகற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நிறத்தை 597 நானோமீட்டரிலும் மொத்தக் கரிமக் கார்பனைத் தனிக்கருவியிலும் அளவிடுங்கள். ஓசோனை நிறுத்தத் தயோசல்பேட் சேர்ப்பவர்கள், அது சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) மதிப்பை உயர்த்திக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஓசோன் மட்டும், ஓசோனும் ஒளியும், ஆக்சிஜனுடன் ஒளியும் வினையூக்கியும், இருளில் ஓசோனும் வினையூக்கியும் என ஒப்பீட்டுச் சோதனைகளையும் அதே ஓட்ட வேகத்தில் செய்யாமல், இணைப்பின் பலன் இவ்வளவு என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு மில்லிகிராம் கார்பனை நீக்க எத்தனை மில்லிகிராம் ஓசோன் செலவானது என்பதே ஆலைக்கு உதவும் கணக்கு.

கழிவுநீரில் கலந்திருப்பது கடலுப்பானால், அதில் சிறிதளவு புரோமைடு உண்டு. ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றக்கூடும் என்பதால், சுத்திகரித்த நீரில் அதையும் சோதியுங்கள். குடிநீரில் அதற்கு உலக சுகாதார அமைப்பு வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

வேலை முடிந்ததும் பி.எச். அளவை 6.5-ஐ ஒட்டி உயர்த்தினால் வினையூக்கித் துகள்கள் மின்னேற்றம் இழந்து ஒன்றுசேர்ந்து அடியில் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிவைக் கழுவி உலர்த்தி அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம்.