மதுரை மாடியில் தேனீ வளர்க்க: பெட்டி வாங்குவது கடைசி வேலை

தேனீ வளர்க்க ஆசையாக இருக்கிறது, பெட்டி எங்கே கிடைக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன். பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு வாரம் காலை ஏழு மணிக்கு உங்கள் தெருவைச் சுற்றி நடந்து, என்னென்ன பூத்திருக்கிறது, அதில் தேனீ வந்து உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பெட்டியில் வளர்க்கிற நம் நாட்டு அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் இரை தேடும். கொடுக்கில்லாத சின்னக் கொசுத் தேனீ அவ்வளவு தூரம்கூடப் போகாது. அந்த வட்டத்துக்குள் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பூ இருந்தால்தான் தேனீக் குடும்பம் தங்கும், இல்லையென்றால் எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும் ஒருநாள் காலையில் காலியாகத்தான் இருக்கும்.

மல்லிகை ஊரில் பூவுக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் மல்லிகையால் தேனீக்கு அதிகப் பலன் இல்லை. விடியற்காலையில் மொட்டாகவே பறித்து மாட்டுத்தாவணி சந்தைக்கு ஏற்றிவிடுகிறார்கள், செடியில் தப்பிய மொட்டும் ராத்திரியில்தான் விரியும், அது அந்துப்பூச்சிக்கான பூ. போதாததற்கு மொக்குப்புழுவுக்காகத் தோட்டங்களில் அடிக்கடி மருந்தும் அடிக்கிறார்கள். நம்மூர்த் தேனீக்குச் சோறு போடுவது மரங்கள்தான். தென்னை பன்னிரண்டு மாசமும் கொடுக்கும். சித்திரை வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோமே, அந்த நேரத்தில் எந்த வேப்பமரத்தடியிலும் நின்று காது கொடுத்துப் பாருங்கள், மரமே இரைவது கேட்கும். கூடவே புங்கை, அதை அடுத்துப் புளி, நடுவில் முருங்கை, நாவல், இலந்தை, வாகை, உசிலை. ஊருக்கு வெளியே எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேல்கூடத் தேனீக்கு நல்ல தீனி. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் துளசியையும் கொத்தமல்லியையும் பூக்க விடுங்கள். கொத்தமல்லி பூ எடுத்ததும் வீணாகிவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறோம், தேனீக்கு அப்போதுதான் அது பயிர். சுற்றிலும் ஒன்றுமே இல்லை, வெறும் கட்டடம்தான் என்றால் இந்த வருஷம் செடி வையுங்கள், தேனீ அடுத்த வருஷம் வரட்டும்.

சரி, எந்தத் தேனீ? நம் பக்கம் பார்க்கிற தேனீக்களில் மலைத் தேனீயும் கொம்புத் தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்பவை, பெட்டிக்குள் இருக்காது. இத்தாலியத் தேனீக்குத் தீனி நிறைய வேண்டும், சூரியகாந்திக் காடு, எள்ளுக் காடு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்குத்தான் அது சரிப்படும். மாடிக்கு மிச்சம் இரண்டு. ஒன்று கொசுத் தேனீ. கொடுக்கு கிடையாது, சுவர் ஓட்டையிலும் பழைய மரப் பொந்திலும் மெழுகில் சின்னக் குழாய் வாசல் வைத்துக் குடியிருக்கும், சின்ன மரப்பெட்டியோ மண்பானையோ மூங்கிலோ போதும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு, அடுக்குமாடிப் பால்கனி, கொட்டுவதை நினைத்தாலே பயப்படுபவர்கள், எல்லோரும் இதில் தொடங்கலாம். தேன் சில நூறு கிராம்தான் கிடைக்கும். இன்னொன்று அடுக்குத் தேனீ, நம் நாட்டு இனம், பெட்டியில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். கீழே சொல்கிற பெட்டி விஷயமெல்லாம் இதற்குத்தான்.

இந்த அடுக்குத் தேனீ மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, பெட்டிகளில் இருந்த இந்த இனக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அதிலிருந்து மீண்டு வந்த இனம் இது. இன்றைக்கு அதைக் கொல்வது நோய் மட்டும் இல்லை. 2011-ல் மதுரை ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: ஐந்து காபிக் கடைகளில் குடித்துவிட்டு வீசிய காகிதக் கோப்பைகளில், அடியில் ஒட்டியிருந்த சர்க்கரைக்கு வந்து மாட்டிச் செத்த தேனீக்களை 30 நாள் எண்ணியிருக்கிறார்கள். மொத்தம் 25,211. ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 168. ஒரு சின்னக் குடும்பத்தில் இருப்பதே சில ஆயிரம் தேனீதான் என்று நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். பூ குறைந்துபோன ஊரில் தேனீ குப்பைத்தொட்டிக்குப் போகிறது. உலகத்தின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாவது பூச்சிகளையும் பிற உயிர்களையும் நம்பித்தான் காய்க்கிறது. உங்கள் மாடியில் பூசணியும் பாகலும் பூவோடு உதிர்ந்துகொண்டே இருந்தால் உரம் போடுவதற்கு முன்னால் அங்கே தேனீ வருகிறதா என்று பாருங்கள்.

இடத்துக்கு வருவோம், நிறைய பேர் தோற்பது இங்கேதான், நானும் தோற்றிருக்கிறேன். என் முதல் பெட்டியைப் பங்குனிக் கடைசியில் வாங்கி மொட்டை மாடியில் மேற்கு ஓரமாக, ஒரு தகரத்துக்குக் கீழே வைத்தேன். விற்றவர் நிழல் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாவது நாள் மத்தியானம் உள்ளே இருந்த புது அடைகள் இளகிச் சரிந்து, தேன் வழிந்து, அதற்கு எறும்பு ஏறி, மறுநாள் பத்து மணிக்குள் குடும்பம் மொத்தமும் கிளம்பிப் போய்விட்டது. புழு வளரும் இடத்தின் சூட்டைத் தேனீக்கள் 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கப் பாடுபடும், தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கும், வாசலில் நின்று சிறகால் விசிறும். நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மேலே தகரமும் கீழே கொதிக்கிற தளமும் இருந்தால் அவற்றால் என்ன செய்ய முடியும்? அதனால் தகரம் வேண்டாம், தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். கிழக்கு பார்த்த வாசல், காலை வெயில் மட்டும் படட்டும், பதினொரு மணிக்கு மேல் முழு நிழல். சித்திரை, வைகாசியில் மேல்மூடி மீது ஈரச் சாக்கு. மாடியை விட, மரநிழல் இருக்கிற கொல்லைப்புறம் எப்போதும் மேல்.

பெட்டியை முழங்கால் உயரத் தாங்கியில் வைத்து, தாங்கியின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிய ஒரே ராத்திரியில் எறும்பு ஏறிவிடும், ஆகவே தினமும் பார்க்க வேண்டிய வேலை இது. வாசலுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி ஆள் உயரத்துக்குப் பச்சை வலை கட்டிவிட்டால் தேனீ கிளம்பியதும் மேலே ஏறிப் பறக்கும், யார் தலையிலும் இடிக்காது. ஒரு மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தேனீ வருவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழாயடி பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம். ராத்திரியில் மாடி விளக்கு எரிந்தால் தேனீ அதில் போய் விழுந்து சாகும், அணைத்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் முதலிலேயே சொல்லுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "ஏந்தம்பி, பிள்ளைகளைக் கொட்டிருச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களை மாடிக்கு அழைத்துக் காட்டி, அவர்கள் வீட்டில் யாருக்காவது பூச்சிக்கடி ஒவ்வாமை உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் இரண்டாவது பெட்டியை வைத்தேன். ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் அடுக்குத் தேனீயை விட்டுவிட்டுக் கொசுத் தேனீக்குப் போங்கள்.

பெட்டி என்றால் நியூட்டன் பெட்டி. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் அடுக்குத் தேனீயின் அளவுக்கு ஏற்ப வடிவமைத்தது. கீழே புழு வளரும் அறையில் அடை கட்ட 7 மரச் சட்டம், மேலே தேன் சேரும் அறை. மார்த்தாண்டம் பெட்டி என்ற இன்னொரு வகையும் நல்லதுதான். இடுக்கு விழாத, நன்றாகக் காய்ந்த மரமாகப் பாருங்கள், உள்பக்கம் பெயின்ட் கூடாது. குடும்பத்தைத் தை, மாசியில் வாங்குங்கள், மழை முடிந்து பூ தொடங்குகிற காலம். வாங்கும்போது சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லி, ராணி இருக்கிறதா, அடையின் சின்ன அறைகளில் முட்டையும் புழுவும், மூடிய அறைகளும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்திலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது, பயிற்சி எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். எழுத்தைப் படித்துச் சட்டம் தூக்கக் கற்க முடியாது, ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

பெட்டியைச் சாயங்காலம் இருட்டிய பிறகு கொண்டுவந்து வையுங்கள். வாசலில் ராணித் தடுப்புத் தகடு (மற்ற தேனீ நுழையும், ராணி நுழைய முடியாத துளைத் தகடு) மாட்டி, புது அடை கட்டுகிற வரை சில நாள் விடுங்கள், ராணி வெளியேற முடியாவிட்டால் குடும்பமும் ஓடாது. அந்த முதல் வாரம் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

அதற்கப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை போதும், காலை எட்டு மணி வாக்கில். வெளிர் நிற உடை, முகத்துக்கு வலை, சென்டும் தலையில் பூவும் கூடாது. புகைப்பானில் தேங்காய் நார் வைத்து வாசலில் இரண்டு மூன்று தடவை மட்டும் புகை விட்டு, பெட்டிக்குப் பின்பக்கம் நின்று மெதுவாகத் திறங்கள். சட்டத்தை நேராகத் தூக்குங்கள், படுக்க வைத்தால் வெயில் காலத்தில் அடை ஒடிந்துவிடும். ராணியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அறைக்கு ஒன்றாக முட்டை இருந்தால் ராணி இருக்கிறது என்று அர்த்தம். அடையில் நூலாம்படை மாதிரி ஓடியிருந்தால் மெழுகு அந்துப்பூச்சி. தேனீ மொய்க்காத பழைய கறுத்த அடைகளை எடுத்துவிட்டு, அடிப்பலகையைச் சுத்தம் செய்யுங்கள். புழுக்கள் அறைக்குள் நிமிர்ந்தபடி செத்து, நீர் கட்டிய பை மாதிரி இருந்தால் அது சாக்புரூட், அதற்கு மருந்து இல்லை, அந்தப் பெட்டியின் அடையையோ சட்டத்தையோ வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது. அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறைகள் தொங்கினால் குடும்பம் பிரியப் போகிறது, பயிற்சி கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், இரண்டாவது பெட்டிக்கு அதுதான் நேரம்.

கொட்டும். கொட்டினால் கையை உதறாதீர்கள், ஓடாதீர்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவிக்கொண்டு தள்ளிப் போங்கள், கொட்டிய இடத்தின் வாசனையே மற்ற தேனீக்களையும் அழைத்துவிடும். வீக்கமும் வலியும் சாதாரணம். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இதில் எது வந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனீ வெளியே போக முடியாது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து கரைத்து, ஆறவைத்து, சாயங்காலத்தில் பெட்டிக்கு உள்ளே வையுங்கள். வெளியே வைத்தால் மற்ற கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். மழைக்காலத்தில்தான் கொசு மருந்துப் புகை வண்டியும் வரும். தெருவில் சத்தம் கேட்டதும் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, பெட்டி மேல் ஈரத் துணி போட்டு மூடி, புகை அடங்கியதும் எடுத்துவிடுங்கள். மாடிச் செடிகளுக்குப் பூச்சி மருந்து வேண்டாம். இமிடாகுளோப்ரிட் மாதிரியான மருந்துகள் செடிக்குள் ஊறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும், ஐரோப்பாவில் 2018-லேயே அதைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்துவிட்டார்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதானாலும் தேனீ அடங்கிய பிறகு, பூவில் படாமல்.

தேன் முதல் வருஷம் எதிர்பார்க்காதீர்கள். அப்புறமும் தேன் அறையில் இருப்பதை மட்டும், முக்கால்வாசி அறைகளை மெழுகால் மூடிய சட்டமாகப் பார்த்து எடுங்கள், மூடாத தேனில் ஈரம் அதிகம், புளித்துப்போகும். புழு அறைத் தேன் அவற்றின் சாப்பாடு, அதில் கை வைக்கக் கூடாது.

பெட்டி வைக்க இடமே இல்லாதவர்கள் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ அடுக்குமாடிச் சன்ஷேடிலோ மலைத் தேனீ ராட்டு (தொங்குகிற பெரிய அடை) கட்டினால், ராத்திரியில் பந்தம் கொளுத்திப் பொசுக்க ஆள் தேடுகிறார்கள். மலைத் தேனீ பூக்காலம் முடிந்தால் தானாகவே இடம் மாறிப் போகிற இனம். யாரும் நடக்காத உயரத்தில் இருந்தால், அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, ராத்திரி விளக்கை அணைத்து, கல் எறியாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அது கிளம்பும் வரை விட்டுவிடலாம். படிக்கட்டுப் பக்கம், பள்ளிக்கூட வாசல் என்று விடவே முடியாத இடமாக இருந்தால் எரிக்காமல் கலைக்கத் தெரிந்த தேன் எடுப்பவரை அழையுங்கள். காலி ராட்டை வழித்து எடுத்த இடத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள், மெழுகு வாசனை இருந்தால் அடுத்த வருஷமும் அதே இடத்துக்குத்தான் வரும்.