ஏழு கோல் போட்டவனுக்குப் போரடித்தது

பதினொரு வயதில் என் மகன் ஒரே கால்பந்து ஆட்டத்தில் ஏழு கோல் போட்டான். வீடு திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து, "போரடிக்குதுப்பா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே யாரும் அவனிடம் பந்தைப் பறிக்க வருவதே இல்லை. இவனும் வலது காலை மட்டும் வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். பெரிய பையன்களோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "வயசு வரட்டும் சார்" என்றார் கோச்.

சரி என்று ஞாயிறு காலை வியாசர்பாடிக்குக் கூட்டிப்போனேன். சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷின் ஊர்ப்பக்கம். பதினான்கு வயதுப் பையன்களோடு இறங்கினான். பந்து காலில் நிற்கவே இல்லை. ஒரு காரணம் பந்துதான். பொதுவாக எட்டிலிருந்து 12 வயதுவரை 4ஆம் நம்பர் பந்து, அதற்கு மேல் 5ஆம் நம்பர். பெரிது, கனமும் கூட. இன்னொன்று தோள். ஒரு பையன் லேசாகத் தோளால் இடித்தான், இவன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். எழுந்து சிரித்தான், எனக்குத்தான் பகீரென்றது.

மறுநாளே 5ஆம் நம்பர் பந்தும், முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் கட்டும் ஷின் கார்டும் வாங்கினேன். மொட்டை மாடிச் சுவரில் தினம் இடது காலால் நூறு உதை (கீழ்வீட்டுக்காரரிடம் திட்டு தனி). அவன் வயதுப் பையன்களோடு ஆடும் பழைய இடத்தையும் விடவில்லை. எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தால் பையன் சுருங்கிவிடுவான். வாரநாளில் இங்கே, ஞாயிறு அங்கே.

மூன்றாம் மாதம் அங்கே ஒரு கோல் போட்டான், இடது காலால். பைக்கில் வாய் மூடவில்லை.