கடந்து வந்த எழுத்தாளர்களின் புத்தகங்களை வழியனுப்பும் முறை

அலமாரியை ஒரே நாளில் காலி செய்ய உட்காராதீர்கள். ஓர் எழுத்தாளரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய புத்தகங்கள் அத்தனையையும் ஒரு பாயில் பரப்புங்கள். அன்றைக்கு வேறு எவரையும் தொட வேண்டாம். கும்பகோணத்தில் முப்பத்தொரு வருடம் இருந்த வீட்டை விட்டு ஒரு மாடிப் போர்ஷனுக்கு மாறியபோது நான் இப்படிச் செய்யவில்லை. பதினொரு தட்டுப் புத்தகங்களையும் கூடத்தில் இறக்கிக் கொட்டினேன். விளக்கு வைப்பதற்குள் கையும் மனமும் ஓய்ந்துபோய், இரண்டு சாக்கு நிறையப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். என்னென்ன போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த உறுத்தல் தீரவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து இருநூற்றுச் சொச்சம் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றியும் எனக்கு வருத்தம் இல்லை.

பாயில் பரப்பியவற்றுள், நீங்கள் ஒரு காலத்தில் மிகவும் நேசித்த புத்தகத்தை எடுத்து மறுபடி படியுங்கள். பின்னட்டையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நினைவை நம்பியும் முடிவு செய்யக் கூடாது. குறைந்தது ஐம்பது பக்கமாவது படிக்க வேண்டும். எனக்கு அந்த எழுத்தாளர் நா. பார்த்தசாரதி. பதினேழு வயதில் அவருடைய ‘குறிஞ்சிமலர்’ நாவலைப் படித்து, அதன் நாயகன் அரவிந்தன் பேசுகிற இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டவள் நான். பென்சில் மழுங்கியபின் நீல மைப் பேனாவால் போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

ஐம்பத்தாறு வயதில் திரும்பப் படித்தபோது, கோடு போட்ட வரிகள் எல்லாம் மேடைப் பேச்சாகக் காதில் விழுந்தன. அந்த இலட்சியங்கள் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றை அவ்வளவு உரக்கக் கேட்க வேண்டிய வயது எனக்குக் கடந்துவிட்டது. ஆனால் கோடே இல்லாத பக்கங்கள் என்னை நிறுத்தின. தந்தை இறந்தபின் தம்பி தங்கையரை வைத்துக்கொண்டு நாயகி பூரணி அடுத்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று தவிக்கிற பக்கங்கள் அவை. பதினேழில் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். ஆகவே அந்த ஒரு நாவலை வைத்துக்கொண்டேன். மற்ற எட்டையும் கொடுக்கத் தயாரானேன். இன்றுவரை இதையே பின்பற்றுகிறேன்: ஓர் எழுத்தாளர் எந்தப் புத்தகத்தின் வழியாக நம்மிடம் வந்தாரோ அது இருக்கட்டும், மற்றவை போகலாம்.

படிக்கும்போது கோபம் வந்தால் அந்தப் புத்தகத்தை இப்போது கொடுக்காதீர்கள். கோபம் இருக்கிறதென்றால் அந்த எழுத்தாளரோடு உங்களுக்கு இன்னும் வழக்கு முடியவில்லை. என்னிடம் ஒரு நாவலாசிரியரின் புத்தகங்கள் இருந்தன. வேலைக்குப் போகிற பெண் அவர் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் அழுதுகொண்டு வீடு திரும்புவாள். அதைத்தான் நான் இருபத்திரண்டு வயதில், வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே படித்திருக்கிறேன் என்பதை நினைத்தபோது நெஞ்சு கொதித்தது. நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். எதற்காகக் கோபப்பட்டேன் என்பதை நானே தெளிவாகச் சொல்ல முடிந்த பிறகு, கொடுக்கும்போது கை தயங்கவில்லை.

அடுத்து, அந்தப் பிரதி உண்மையில் யாருடையது என்று பாருங்கள். அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோத் துணியால் முதுகு வைத்து பைண்டு செய்து வைத்திருந்தார். அவற்றில் ஒரு தொடரை என்னால் பத்துப் பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. கொடுப்பவற்றோடு வைத்தும்விட்டேன். கடைசியாக ஒருமுறை புரட்டியபோது நடுவில் தாள் மாறியது. பதினான்காம் வாரத்து இதழ் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை போலும். எவரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதி, அதே அளவுக்கு வெட்டித் தைத்திருக்கிறார். ஏழு தாள்கள், இரண்டு பக்கமும். படம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘படம்: கிணற்றடியில் இருவர்’ என்று எழுதியிருக்கிறார். அந்தத் தொகுதி இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. அதை எழுத்தாளரின் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று இதைப் படிக்கும் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் பரிசாகக் கொடுத்த புத்தகமும் அப்படித்தான். கொடுத்தவர் இருந்தால் ஒரு போன் செய்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்க முடிவானவற்றைத் தாள் தாளாகப் புரட்டுங்கள். பஸ் டிக்கெட், கடிதம், அரசிலை, ரசீது எது வேண்டுமானாலும் இருக்கும். உங்கள் பெயர் எழுதிய பக்கத்தைக் கிழிக்காதீர்கள். பெரும்பாலும் அது தலைப்புப் பக்கமாக இருக்கும். அதன் பின்புறத்தில்தான் பதிப்பாண்டும் பதிப்பகமும் இருக்கின்றன. கிழித்துவிட்டால் வாங்குகிறவருக்கு அது எந்தப் பதிப்பு என்றே தெரியாமல் போகும். பிறகு முதுகைத் தட்டிப் பாருங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த தூள் உதிர்ந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியாக வைத்துவிடுங்கள்; பிறர் வீட்டு அலமாரிக்கு அதை அனுப்புவது நியாயமில்லை. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு அந்தத் தாள் பழுப்பேறி முறியும். மூலையை லேசாக மடித்ததுமே ஒடிந்து கையோடு வந்தால் வாசிப்பதற்கு அதை எவருக்கும் கொடுக்க முடியாது. இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது. நீங்கள் எந்த வயதில் அந்த எழுத்தாளரைப் படித்தீர்களோ அந்த வயதில் இப்போது இருப்பவரைத் தேடுங்கள். ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு புத்தகம் போதும். கட்டாகக் கொடுத்தால் அவர் வீட்டிலும் அது கட்டாகவே கிடக்கும். நூலகத்துக்கு என்றால் பட்டியல் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வேண்டியதை அவர்கள் குறித்துக் கொடுப்பார்கள். சிறை நூலகங்களையும் நினைத்துப் பாருங்கள். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு அமைத்து நன்கொடைப் புத்தகங்களைத் திரட்டியது.

பழைய மாத நாவல்கள், சிறு பதிப்பக வெளியீடுகள், இதழ்கள் இருந்தால் மதிப்பில்லாதவை என்று நீங்களாகவே தீர்மானிக்காதீர்கள். சென்னையில் 1994-இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையே, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் வரை விடாமல் சேர்த்து வைத்ததுதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. அந்த ஏடுகளில் என்ன இருந்தன என்று இனி எவரும் சொல்ல முடியாது. போகித் தீயில் புத்தகம் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கொடுத்த எழுத்தாளரை மறுபடி படிக்க ஆசை வந்தால் என்ன செய்வது என்ற பயம் பலருக்கு உண்டு. நாட்டுடைமையான எழுத்தாளர்களைப் பொறுத்தவரை அந்தப் பயம் தேவையில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பல நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கொடுத்தபின், படித்தாயா என்று விசாரிக்காதீர்கள். கீழ் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணிடம் நா. பார்த்தசாரதியின் ‘பொன்விலங்கு’ நாவலைக் கொடுத்தேன். ஒன்றரை மாதம் நான் வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி வந்தாள். “பெரியம்மா, இந்தக் கோடெல்லாம் நீங்கள் போட்டதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பக்கத்திலேயே தானும் கோடு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். என் மேசையிலிருந்து ஒரு பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.