சங்குப் பார்சல் திரும்பி வந்தால்: என் அனுபவம்

கீழக்கரையிலிருந்து கொல்கத்தாவில் உள்ள வளையல் பட்டறைக்கு அனுப்பிய சங்குப் பார்சல் திரும்பி வந்துவிட்டது. "வன விலங்குப் பொருள், உரிமம் தேவை" என்று கூரியரில் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

உரிமம் தேடித்தான் முதலில் அலைந்தேன். ஜிஎஸ்டி பதிவைக் காட்டினேன், கொள்முதல் ரசீதைக் காட்டினேன், பலனில்லை. பாதுகாக்கப்பட்ட விலங்குகள் எவை என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் சொல்கின்றன. தெரிந்தவர் கொடுத்த அந்தப் பட்டியலின் ஜெராக்ஸ் இன்னும் குழப்பியது. அது 2022 சட்டத் திருத்தத்துக்கு முந்தையது. அப்போது ஆறு அட்டவணைகள், இப்போது நான்குதான். பழைய எண்ணை வைத்துப் பேசினால் யாருக்கும் புரியாது.

சரி, சட்டத்தையே படிப்போம் என்று உட்கார்ந்தேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கேட்கும் உரிமம், அட்டவணையில் பெயர் உள்ள விலங்கின் பொருளுக்குத்தான். கடல் அட்டை, கடல் குதிரை, நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரி எல்லாம் 2001இல் அட்டவணைக்குள் போய்விட்டன. வளையல் அறுக்கும் பால் சங்கு அதில் இல்லை.

சிக்கல் பில்லில் இருந்தது. சங்கு கொடுத்தவர் 'சாங்கஸ் பைரம்' என்ற பழைய அறிவியல் பெயரை எழுதியிருந்தார். இன்று வழங்கும் பெயர் டர்பினெல்லா பைரம். சரிபார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரியும்? புதுப் பில்லில் இரண்டு பெயரையும் எழுதி, படமும் இன்றைய அட்டவணை நகலும் இணைத்தேன். அழகுக்காகச் சேர்த்திருந்த வேறு சிப்பிகளை எடுத்துவிட்டேன். அவற்றின் இனம் உறுதியாகத் தெரியாமல் அனுப்பக் கூடாது. அப்புறம் பார்சல் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. பெரிய நிம்மதி.