'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள்: மருந்துக் கடைக் கவுன்சிலிங், படிப்படியாக

கவுண்டரில் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு "புரிஞ்சுதா ஆச்சி?" என்று கேட்டால், "புரிஞ்சுதுய்யா" என்றுதான் பதில் வரும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், பாபநாசம் பஸ் கிளம்பப் போகிறது, தெரியாது என்று சொல்லக் கூச்சம். அவருக்கு என்ன தெரிந்தது என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். மருந்தை எப்படிப் போடுவது என்று எடுத்துச் சொல்லும் கவுன்சிலிங் கொடுத்த பிறகு நோயாளிக்கு மருந்தைப் பற்றி எவ்வளவு தெரிகிறது, அவருக்கு மனசு திருப்தியா என்று பார்க்க ஒரு முறையை வைத்து நடத்திவருகிறேன். டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) முடித்துப் புதிதாகக் கடைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். சீட்டைப் படிப்பது, எக்ஸ்பைரி பார்ப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

"அது டாக்டர் வேலை, நமக்கெதுக்கு?" என்று ஓனர் கேட்டால், 2015-இல் வந்த பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸைக் காட்டுங்கள். மருந்து எதற்கு, எப்படிப் போடுவது, எப்படி வைத்துக்கொள்வது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று எடுத்துச் சொல்வது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை என்று அதிலேயே இருக்கிறது.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

தலைவலி மாத்திரை வாங்க வந்தவரை நிறுத்திப் பேச வேண்டாம். இன்ஹேலர், இன்சுலின், தைராய்டு மாத்திரை, முதன்முறையாக எழுதப்பட்ட சுகர், பிரஷர் மாத்திரை வாங்குவோர் முதலில். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாங்குபவரைக் கட்டாயம் நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று கவரில் பெரிய எழுத்தில் எழுதி, அவர் வாயாலேயே அந்தக் கிழமையைச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு இடத்தில் மருந்து வாங்குவோரையும் விடாதீர்கள். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து நம் ஊர்ப் பெரியவர்கள் நிறைய பேருக்கு சுகருக்கு மெட்பார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. அதே ஆள் தனியார் டாக்டரிடமும் காட்டுவார், அவர் ஒரு கம்பெனி பெயரில் அதே மெட்பார்மினை எழுதுவார். அட்டையும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் போடுவார்கள். "ஐகிரவுண்டுலயோ (பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி) நர்சம்மாகிட்டயோ வாங்குற மாத்திரையும் இருக்கா? அடுத்த தடவ பையோட கொண்டாங்க" என்று கேட்பதை வழக்கமாக்குங்கள்.

படி 2: சொல்வதற்கு முன் கேளுங்கள்

ஐந்தே கேள்விகள். இந்த மருந்து எதுக்கு? எப்போ, எத்தனை? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? ஒரு வேளை மறந்தா என்ன செய்வீங்க? என்ன ஆனா உடனே டாக்டரைப் பார்க்கணும்? சரியாகச் சொன்னால் 2, அரைகுறை என்றால் 1, தெரியாவிட்டால் 0. மொத்தம் 10. இதே கேள்விகளைப் பேசி முடித்த பிறகும் கேட்கப் போகிறோம். முன்னால் எடுத்த மார்க் இல்லாவிட்டால், பின்னால் வரும் 8 நம்மால் வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று சொல்ல வழியில்லை.

மருந்தின் பெயரைக் கேட்கும் கேள்வியை நான் வைப்பதில்லை. அட்டையைக் காட்டினால் அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும். அதனால் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் எக்ஸ்பைரியும் உள்ள பக்கம் நோயாளி கைக்குப் போகட்டும்.

படி 3: சுருக்கமாகச் சொல்லுங்கள்

எதற்கு, எப்படி, எதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது. சீட்டில் உள்ள 1-0-1-ஐ (காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று) அவருடைய நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். பீடி சுற்றும் அக்காமார் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுவார்கள், கணக்கு முடியாத நாளில் அதுவும் தள்ளிப்போகும். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் சுகர் இறங்கிவிடும். "சாப்பாடு தட்டுல விழுந்தாத்தான் மாத்திரை" என்று நான் சொல்வதுண்டு. தைராய்டு மாத்திரைக்கு எங்கள் பக்கம் பெரிய தடை காப்பி. எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

எழுத மெல்லிய முனை மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா பிளாஸ்டிக் கவரில் பிடிக்காது. சூரியன், நிலா வரைவது நன்றாக வேலை செய்கிறது. நினைவூட்டும் ஆப்பை வயதானவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போன் பேரன் கையில்தான் இருக்கிறது.

படி 4: அவரைச் சொல்லவும் செய்யவும் விடுங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான். நேராக "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றால் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்த மாதிரி முகம் சுருங்கிவிடுகிறது. கேள்வியை வீட்டுப் பக்கம் திருப்பியதும் எல்லாம் எளிதாகிவிட்டது.

"ஆச்சி, வீட்டுக்குப் போனதும் மருமவ 'என்ன மாத்திர தந்தாவ?'ன்னு கேட்டா என்ன சொல்லுவிய?"

"டப்பா மாத்திர காலைல காப்பியோட. இந்த அட்ட ராத்திரி சோத்துக்குப் பெறவு."

டப்பாவில் இருப்பது தைராய்டு மாத்திரை. "காப்பியோட" என்ற அந்த ஒரு சொல்லில் தவறு வெளியே வந்துவிட்டது பாருங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் வந்திருக்குமா? உடனே, "நான் சரியாச் சொல்லல ஆச்சி, காப்பிக்கு முந்தி" என்று பழியை நம் மேல் போட்டுக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். பிறகு மறுபடியும் கேளுங்கள்.

இன்ஹேலருக்கு வாய்ச்சொல் போதாது, செய்து காட்ட வைக்க வேண்டும். பீடித்தூளோடு பல வருஷம் இருந்து மூச்சு இரைக்க வரும் அக்காமாரிடம் காலி இன்ஹேலரைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் அழுத்துவார்கள், அப்புறம்தான் இழுப்பார்கள். புகை போல மருந்து கடைவாய் ஓரமாக வெளியே வந்துவிடும். குலுக்கு, மூச்சை முழுசா வெளியே விடு, உதட்டால் இறுக்கிப் பிடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்து, 10 எண்ணும்வரை மூச்சை அடக்கு. அடுத்த தடவைக்கு அரை நிமிஷமாவது இடைவெளி. ஸ்டீராய்டு உள்ளதாக இருந்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். கை, மூச்சு சேராதவர்களுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வாங்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனாலும் மருந்து தொண்டையோடு நிற்காமல் நெஞ்சுக்குள் போகும்.

கருவியில் போட்டு இழுக்கும் பவுடர் மருந்துக் கேப்சூலுக்கு இதற்கு நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். "இது முழுங்குறது இல்ல" என்பதுதான் அங்கே முதல் வாக்கியம்.

செய்து முடித்த பிறகு அந்த ஐந்து கேள்விகளுக்கு மறுபடி மார்க் போடுங்கள்.

படி 5: திருப்தியைத் தனியாக, வேறொருவர் கேட்கட்டும்

மருந்து கொடுத்தவரே "திருப்தியா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கடையில் கணக்குப் பார்க்கும் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். "மிகவும் திருப்தி, திருப்தி, ஓரளவு" என்று கட்டம் போட்ட தாள் எங்கள் பக்கம் பயன்படவில்லை, எல்லாரும் முதல் கட்டத்திலேயே டிக் அடிக்கிறார்கள். பதிலுக்கு இந்த மூன்றும் வேலை செய்கின்றன: எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பேசியது பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டதா? கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா? இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களைப் பார்த்துத்தான் கடை ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டோம். பெண்கள் அங்கே உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறார்கள்.

திருப்தி மார்க்கையும் அறிவு மார்க்கையும் ஒருபோதும் கூட்டாதீர்கள். அன்பாகப் பேசினோம் என்று மனசு நிறைந்து போகிற ஆச்சிக்கு ஐந்து கேள்வியிலும் 0 இருக்கலாம். எல்லாம் சரியாகச் சொன்ன வாத்தியார் காத்திருந்த கோபத்தில் போகலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

படி 6: அடுத்த மாதம்

பேசி முடித்த கையோடு எடுத்த மார்க் எப்போதும் உயரமாகத்தான் இருக்கும். அடுத்த மாத மருந்துக்கு வரும்போது அதே கேள்விகளைக் கேளுங்கள், மிச்ச மாத்திரையையும் எண்ணுங்கள். நான் நம்புவது இந்த மார்க்கைத்தான். ஒரு கோடு போட்ட நோட்டு போதும்: முன், பின், அடுத்த மாதம், திருப்தி.

இதைப் புராஜெக்டாகச் செய்யும் பார்ம்.டி (பார்மசி பட்டப்படிப்பு) மாணவர்கள் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வாங்காமல் தொடங்கக் கூடாது. ஒரே ஆளின் முன், பின் மார்க்கை ஒப்பிடுவதால் ஜோடிக் கணக்குத்தான் போட வேண்டும். இப்படி 0 முதல் 10 வரையிலான மார்க்குக்கு வில்காக்சன் சைன்டு ரேங்க் என்ற புள்ளியியல் சோதனை பொருந்தும்.

பின்சேர்க்கை

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நோயாளி வருவதே இல்லை அண்ணாச்சி, மகனோ பக்கத்து வீட்டுக்காரரோதான் வாங்க வாராங்க. யாருக்கு மார்க் போட?" நல்ல கேள்வி. நோட்டில் 'வாங்க வந்தவர்' என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். வந்தவரிடம் சொல்லி, அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டு, அவரை விட்டே நோயாளிக்குச் சொல்ல வையுங்கள். நாம் பக்கத்தில் நின்று கேட்டால் எங்கே தப்புகிறது என்று தெரிந்துவிடும். நோயாளியிடம் நேரில் பேசாத வரிகளை மற்றவற்றோடு கலக்காமல் தனியாகக் கணக்கெடுங்கள்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன வழி என்று இன்னொருவர் கேட்டார். காலை அட்டைக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு, ராத்திரி அட்டைக்குப் பச்சை. கண் மங்கலாக இருந்தால் காலைக்கு ஒரு சுற்று, ராத்திரிக்கு இரண்டு சுற்று. விரலால் தடவிப் பார்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.